வாசகர் கேள்வி – பதில்: லேசர் பிறக்க ஏன் 43 ஆண்டுகள் சென்றன?

இம்மாதம் எமக்கு வந்த கடிதங்களுள் லேசர் கதிரைப் பற்றியவை பல. அவற்றுள் ஐந்தினைத் தெரிந்தெடுத்து இங்கே பதில் தருகிறோம். முதலிரு வினாக்களும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பவை ஆதலால் அவற்றுக்கே கூடிய இடம் ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: லேசரின் தத்துவத்தை ஐன்ஸ்டீன் 1917 ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டார் என்று எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் சொன்னார். முதலாவது லேசர் ஒளிர்ந்ததோ 1960 இல். தத்துவம் தெரிந்த பின்னும் 43 ஆண்டுகள் தாமதித்தது ஏன்?
– க.பொ.த. உயர்தர மாணவி, கல்லடி

பதில்: ஐன்ஸ்டீன் எதைத் தேடப் போய் இதைக் கண்டார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பு முதலில் செந்நிறமாகவும், சூடு ஏற ஏற மஞ்சளாகவும், ஈற்றில் வெண்மையாகவும் ஒளிர்வதை நாம் கண்டிருக்கிறோம். எந்த வெப்பநிலையில் எந்த நிறம் எவ்வளவு வெளிவரும் என்று சரியாகக் கூறும் சூத்திரம் 19 ஆம் நூற்றாண்டின் பௌதிகவியலுக்கு அகப்படவில்லை. 1900 டிசெம்பரில் பேர்லினில் மாக்ஸ் பிளாங் அதற்கு விளக்கம் தந்தார். சக்தியைப் பொருள்கள் சிறு சிறு பொட்டலங்களாகவே கொடுத்து வாங்குகின்றன என்றும், ஒரு பொட்டலத்தின் அளவு ஒளியின் மீடிறனுக்கு (அது ஒரு செக்கனில் அதிரும் தடவைகளுக்கு) நேர்விகிதமானது என்றும் அவர் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒளியே அத்தகைய பொட்டலங்களாகத்தான் செல்கிறது என்று 1905 இல் ஐன்ஸ்டீன் வாதிட்டார். அணுவினுள் இலத்திரன்கள் குறித்த சில சக்தி மட்டங்களில் மாத்திரமே இருக்க முடியும் என்று 1913 இல் நீல்ஸ் போர் கூறினார்.

இவற்றை ஒன்றாகப் பொருத்தும் முயற்சியில் ஐன்ஸ்டீன் 1916, 1917 ஆம் ஆண்டுகளில் ஈடுபட்டார். கீழ்மட்டத்திலுள்ள அணு ஒளியை உறிஞ்சி மேலே செல்லும்; மேல்மட்டத்திலுள்ள அணு சற்று நேரத்தில் தன்னியல்பாக ஒளியை வெளிவிட்டுக் கீழே இறங்கும். இந்த இரண்டு நிகழ்வுகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பிளாங்கின் சூத்திரம் வராது. மூன்றாவது ஒன்று வேண்டும்: மேல்மட்டத்தில் இருக்கும் அணுவைப் பொருத்தமான மீடிறனுடைய ஒளி கடந்து செல்லும்போது, அந்த ஒளியே அணுவைத் தூண்டி, தன்னை ஒத்த இன்னொரு பொட்டலத்தைத் தான் செல்லும் திசையிலேயே வெளிவிடச் செய்ய வேண்டும். இதுவே தூண்டப்பட்ட காலல் (ஒளியை வெளிவிடல்). சமன்பாடு சரிவர வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வந்து சேர்ந்த இந்த மூன்றாவது நிகழ்வின் மீதுதான் லேசர் முழுவதும் நிற்கிறது.

இனி, தாமதத்தின் காரணத்துக்கு வருவோம். ஓர் ஒளிப் பொட்டலம் இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருக வேண்டுமானால், அது சந்திக்கும் அணுக்களுள் மேல்மட்டத்தில் இருப்பவை கீழ்மட்டத்தில் இருப்பவற்றை விட அதிகமாக இருக்க வேண்டும். இல்லையேல் பிறக்கும் ஒளியை விட உறிஞ்சப்படும் ஒளியே கூடுதலாகிவிடும். இயற்கையோ இதற்கு நேர்மாறானது. முதலாவது லேசரில் பயன்பட்ட மாணிக்கத்தின் 694 நனோமீற்றர் செவ்வொளிக்குரிய மட்டங்களை எடுத்துக்கொண்டு, உயர்தரப் பாடத்தில் நீங்கள் படிக்கும் வெப்பநிலைக் கருத்துகளைச் சற்றே நீட்டிக் கணக்கிட்டால், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 10³⁰ அணுக்களுக்கு ஒன்றே தானாக மேலே நிற்கும் எனக் காணலாம். பாதிக்கு மேற்பட்ட அணுக்களை மேலே நிறுத்துவது என்பது, மட்டக்களப்பு வாவியின் நீரைக் கரைக்கு மேலே ஏற்றி அங்கேயே நிற்கச் சொல்வதைப் போன்றது. சூடாக்குவதால் இது ஒருபோதும் கைகூடாது. எவ்வளவு சூடாக்கினாலும் மேலே உள்ளவை கீழே உள்ளவற்றுக்குச் சமமாவதை நெருங்குமே தவிர, மிஞ்சா.

இந்தக் காரணத்தாலேயே தூண்டப்பட்ட காலலைப் பலர் கணக்கில் வரும் ஒரு சிறு திருத்தமாக மட்டும் கண்டனர். 1928 இல் ருடோல்ஃப் லாடன்பேர்க் மின்னிறக்கம் நிகழும் நியோன் வாயுவில் அதன் அடையாளத்தை அளந்தார். சோவியத் நாட்டின் வலென்டின் ஃபாப்ரிகான்ட், 1940 ஆம் ஆண்டளவில் எழுதிய தமது ஆய்வேட்டில் இவ்வழியில் ஒளியைப் பெருக்கலாம் என்றே குறிப்பிட்டார். அந்த வரிகளைத் தொடர்ந்து செல்ல அப்போது எவரும் முன்வரவில்லை.

வழியைத் திறந்தவர்கள் ஒளியியலாளர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரில் ராடார் வேலை செய்து, நுண்ணலைகளோடு பழகித் திரும்பியவர்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நுண்ணலையின் பொட்டலம் மிகச் சிறியது. அமோனியா மூலக்கூற்றின் 1.25 சென்ரிமீற்றர் அலைநீளத்துக்குரிய இரு மட்டங்களை எடுத்தால், கீழே 1,000 மூலக்கூறுகள் இருக்கும்போது மேலே ஏறத்தாழ 996 தாமாகவே இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்துவிட்டால் போதும். அத்துடன், தூண்டப்பட்ட காலலோடு ஒப்பிடுகையில் தன்னியல்பான காலலின் பங்கு மீடிறனின் மும்மடியாக வளர்கிறது என்பதும் ஐன்ஸ்டீனின் அதே கட்டுரையில் உள்ளது. செவ்வொளியின் மீடிறன் அந்த நுண்ணலையினதைப் போல ஏறத்தாழ 18,000 மடங்கு. அதன் மும்மடியோ ஐந்து இலட்சம் கோடியைத் தாண்டும். நுண்ணலைப் பகுதியில் மூலக்கூறுகள் தூண்டும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். ஒளிப் பகுதியில் அவை காத்திரா. இரண்டாவது காரணம் பழக்கம் சார்ந்தது. பெருக்கிய அலையின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே செலுத்தினால் அலைவு தானாக நிலைபெறும் என்பது வானொலிப் பொறியியலாளருக்கு அன்றாட அறிவு. அணுக்களை ஆராய்ந்தவர்களுக்கு அந்த எண்ணமே எழவில்லை. இரண்டு துறைகளும் ஒரே தலைக்குள் சந்திக்க ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே எமது கருத்து.

கேள்வி: லேசரைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு நூலில் டவுன்ஸ் என்றும், இன்னொன்றில் மெய்மன் என்றும், வேறோர் இடத்தில் கூல்ட் என்றும் இருக்கிறது. பொது அறிவுப் போட்டியில் எதை எழுதுவது?
– ஆசிரியர், கல்முனை

பதில்: ஐயா, "முதலாவது லேசரை இயக்கிக் காட்டியவர்" என்று கேட்டால் தியோடர் மெய்மன் என்று தயங்காமல் எழுதலாம். "கண்டுபிடித்தவர்" என்று மட்டும் கேட்டால், வினாவைத் தயாரித்தவர் மூவருக்கும் புள்ளி வழங்க வேண்டும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்ள்ஸ் டவுன்ஸ், போர்க்காலத்தில் பெல் ஆய்வுகூடத்தில் ராடார் வேலை செய்தவர். 1951 வசந்த காலத்தில் ஒரு நாள் காலை, வொஷிங்டன் நகரப் பூங்காவொன்றின் இருக்கையில் அமர்ந்திருந்தபோது, மேல்மட்ட மூலக்கூறுகளை மின்புலத்தால் பிரித்தெடுத்து ஒரு குழிக்குள் (உலோகப் பெட்டிக்குள்) செலுத்தலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதன்பின் மாணவர் ஜேம்ஸ் கோர்டன், ஹெர்பெர்ட் சைகர் ஆகியோருடன் அவர் உழைத்தார். அவருடைய துறையிலேயே நோபல் பரிசு பெற்றிருந்த ரபி என்பாரும், பின்னர் அப்பரிசைப் பெறவிருந்த குஷ் என்பாரும் அவரிடம் வந்து, இது நடக்கப் போவதில்லை, ஆய்வுப் பணத்தை வீணாக்க வேண்டாம் என்று கூறினர். டவுன்ஸ் நிறுத்தவில்லை. 1954 இல் அமோனியா மேசர் இயங்கியது. நுண்ணலையைப் பெருக்குவதே மேசர்; லேசருக்கு அது மூத்த உடன்பிறப்பு. அதே காலத்தில் மொஸ்கோவின் லெபெதேவ் நிறுவகத்தில் நிக்கொலாய் பாசோவ், அலெக்சாந்தர் புரோகொரோவ் ஆகிய இருவரும் தனித்து இதே வழியில் சென்றுகொண்டிருந்தனர். 1964 இன் நோபல் பரிசில் பாதி டவுன்சுக்கும், மறு பாதி அவ்விருவருக்கும் கிடைத்தது.

மேசரிலிருந்து ஒளிக்கு வருவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. மேசரின் குழி அலைநீளத்தை ஒட்டிய அளவுடையது. ஒளியின் அலைநீளமோ மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறியது. அந்த அளவில் பெட்டி செய்வது எங்ஙனம்? டவுன்சின் மைத்துனர் ஆர்தர் ஷாலோ, பெட்டியையே விட்டுவிடலாம் என்றார். நேருக்கு நேர் நிற்கும் இரண்டு தளவாடிகள் போதும்; அவற்றுக்குச் செங்குத்தாகச் செல்லும் ஒளி மட்டும் மீண்டும் மீண்டும் வந்து பெருகும், சரிந்து செல்வது பக்கவாட்டில் வெளியேறிவிடும். லேசர்க் கதிர் மெலிந்து நேராகச் செல்வதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். இருவரும் எழுதிய கட்டுரை 1958 டிசெம்பரில் வெளியாயிற்று.

கோர்டன் கூல்ட் அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவர். 1957 நவம்பரில் அவர் தமது குறிப்பேட்டில் இரண்டு ஆடிகள் கொண்ட அமைப்பை வரைந்து, கணக்கிட்டு, லேசர் என்ற பெயரையும் எழுதி, அப்பக்கங்களைச் சட்டமுறையாகச் சான்றுப்படுத்திக் கொண்டார். கருவியைச் செய்து காட்டினால்தான் காப்புரிமை கிடைக்கும் என்று தவறாக எண்ணியதால் விண்ணப்பிக்கத் தாமதித்தார். அதற்குள் மற்றவர்கள் முந்திவிட்டனர். தொடர்ந்த வழக்குகளின் பின் 1977 இல்தான் அவருக்கு முக்கியமான முதலாவது காப்புரிமை கிடைத்தது. அவர் சேர்ந்த நிறுவனத்துக்கு லேசர் ஆய்வுக்காக ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பெருந்தொகை வழங்கியது. ஆனால் அவருடைய பழைய அரசியல் தொடர்புகளைக் காட்டி, அந்த இரகசிய ஆய்வில் பங்கேற்க அவருக்கே அனுமதி மறுத்தது. தம் கருத்தில் பிறந்த ஆய்வுகூடத்துக்குள் தாமே நுழைய முடியாமற் போனது பெரும் அநீதி.

மெய்மன் இவர்களுள் எவரோடும் சேராதவர். கலிபோர்னியாவின் மாலிபுவில் ஹியூஸ் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். அவர் எடுத்துக்கொண்டது செயற்கையாக வளர்த்த மாணிக்கப் பளிங்கு. நமது இரத்தினபுரியில் கிடைக்கும் மாணிக்கத்தைப் போலவே அதுவும் அலுமினியம் ஒட்சைட்டு. மிகச் சிறிதளவு குரோமியம் கலந்திருப்பதால் நிறம் வருகிறது. மாணிக்கம் இதற்கு உதவாது என்று ஷாலோவே பகிரங்கமாகக் கூறியிருந்தார். அது உறிஞ்சும் ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்கே செவ்வொளியாகத் திரும்பி வருகிறது என்று ஓர் அளவீடும் இருந்தது. மெய்மன் அந்த அளவீட்டை நம்பி விட்டுவிடாமல், தாமே மீண்டும் அளந்தார். ஏறத்தாழ முக்கால் பங்கு திரும்பி வருவதைக் கண்டார். தொடர்ச்சியான விளக்குக்குப் பதிலாக, புகைப்படக்காரர் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த, சுருளாக வளைந்த மின்வெட்டு விளக்கைத் தெரிந்தெடுத்தார். விரல் நுனியளவு மாணிக்கக் கோலின் இரு முனைகளிலும் வெள்ளி பூசி, அச்சுருளின் நடுவே வைத்தார். 1960 மே 16 ஆம் திகதி விளக்கு மின்னியபோது அரைவாசிக்கு மேற்பட்ட குரோமியம் அணுக்கள் மேலே ஏறின. கோலின் முனையிலிருந்து செங்கதிர் புறப்பட்டது. அவருடைய கட்டுரையை அமெரிக்காவின் முதன்மைப் பௌதிகவியல் இதழ் திருப்பி அனுப்பியது. இலண்டனின் நேச்சர் இதழ் அதை ஆகஸ்ட் 6 இல் வெளியிட்டது. அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவே இல்லை. பிறருடைய அளவீட்டைத் தாமே சரிபார்க்கும் அந்த ஒரு பழக்கத்தை உங்கள் மாணவர்களுக்கு எடுத்துக் கூறுங்கள், ஐயா. அக்கதையில் எமக்கு மிகவும் பிடித்த இடம் அது.

கேள்வி: வயலை மட்டப்படுத்த உழவு இயந்திரத்தோடு லேசர் பூட்டிய கருவி வந்திருக்கிறது என்கிறார்கள். லேசரா மண்ணை வெட்டுகிறது?
– விவசாயி, சம்மாந்துறை

பதில்: இல்லை, ஐயா. மண்ணை வெட்டி இழுப்பது வழமையான இரும்பு வாளிதான். வட்டையின் ஓரத்தில் முக்காலியொன்றில் நிறுத்திய கருவி, மெல்லிய லேசர்க் கதிரைச் சுழற்றி வயலுக்கு மேலே கண்ணுக்குப் புலப்படாத ஒரு தளத்தை விரிக்கிறது. வாளியோடு நிமிர்த்திய கம்பத்தின் உணரி அந்தத் தளத்துக்கு மேலே போனாலோ கீழே போனாலோ, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தண்டு வாளியைத் தானாக இறக்கும் அல்லது ஏற்றும். இதனால் மேடு வெட்டப்பட்டுப் பள்ளம் நிரம்புகிறது. பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தாலும் 300 மீற்றர் தூரத்தில் பிழை 7 மில்லிமீற்றரே. வேளாண்மைக்கு அது பொருட்டன்று. மட்டமான வயலில் நீர் எங்கும் ஒரே ஆழத்தில் நிற்பதால், சிறுபோகத்தில் மேட்டை நனைப்பதற்காகப் பள்ளத்தில் அளவுக்கு மிஞ்சி நீர் கட்ட வேண்டியதில்லை.

இத்தகைய கருவிகளுள் இருப்பது பெரும்பாலும் குறைகடத்தி லேசர். 1962 இல் ரொபேர்ட் ஹோல் செய்த முதலாவது குறைகடத்தி லேசர், திரவ நைதரசனின் −196 பாகைக் குளிரில் மட்டுமே சிறு துடிப்புகளாக இயங்கியது. வெயிலிலும் தொடர்ந்து இயங்கக்கூடிய வகைக்கு வழிவகுத்த வேலையை, 1970 இல் லெனின்கிராட்டில் ஷோரஸ் அல்பியோரவின் குழுவும் பெல் ஆய்வுகூடத்தில் ஹயாஷி, பனிஷ் ஆகியோரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் செய்து முடித்தனர்.

கேள்வி: எனக்குச் சீனி வருத்தம் உள்ளதால் விழித்திரைக்கு லேசர் பிடிக்க வேண்டும் என்றார்கள். என் மகனுக்கோ கண்ணாடியைக் களைவதற்கு லேசர் செய்யலாம் என்றார்கள். இரண்டும் ஒன்றா? கண்ணைச் சுடுவது ஆபத்தில்லையா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: அம்மா, இரண்டும் ஒன்றல்ல. உங்களுக்குச் செய்வது சூட்டினால் ஆகும் சிகிச்சை. பெரும்பாலும் பச்சை நிற லேசர் பயன்படும். கண்ணின் முற்பகுதி பச்சை ஒளியை உறிஞ்சாமல் விட்டுவிடுவதாலும், விழித்திரையின் நிறப்பொருளும் குருதியும் அதை நன்கு உறிஞ்சுவதாலும், கண்ணைத் திறக்காமலே பின்சுவரில் வேண்டிய இடத்தில் மட்டும் சிறு சிறு சூடு வைக்க முடிகிறது. நோக்கம், குருதி கசியும் நாளங்களை அடைத்து, இருக்கும் பார்வையைக் காப்பது. இது புதிய முறையன்று. மெய்மனின் லேசர் ஒளிர்ந்து இரண்டு ஆண்டுக்குள், 1961 டிசெம்பரில், நியூயோர்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரையில் மாணிக்க லேசர் பயன்படுத்தப்பட்டது.

உங்கள் மகனுக்குரியது சுடுவதில்லை. அதன் 193 நனோமீற்றர் ஊதாக் கடந்த கதிரின் ஒவ்வொரு பொட்டலமும் இழையத்தின் மூலக்கூற்றுப் பிணைப்பை நேரடியாக அறுக்கப் போதிய சக்தி கொண்டது. ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் மில்லிமீற்றரின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பான படையொன்று அகல, அருகிலுள்ள இழையம் ஏறத்தாழப் பாதிக்கப்படாமல் நிற்கிறது. இதைக் கண்டவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் கற்ற ரங்கசுவாமி ஸ்ரீனிவாசன். ஐபிஎம் நிறுவனத்தில் பிளாத்திக்குகளை இக்கதிரால் செதுக்கி ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1981 நவம்பரில் விருந்தில் எஞ்சிய வான்கோழி இறைச்சித் துண்டொன்றை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து கதிரின் கீழ் வைத்தார். வெட்டு கருகாமல், ஓரம் கூர்மையாக இருந்தது. தோழர்களான ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரோடு அவர் இதைத் தொடர, கண் வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கல் அதைக் கருவிழியின் வெளிப்படைக்குப் பயன்படுத்த முன்வந்தார்.

மகனுக்கு அவசரம் இல்லை. பார்வை எண் மாறாமல் நிலைபெற்ற பின்னரே வைத்தியர் அதைச் செய்வார். உங்களுக்குச் சொன்ன சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள், அம்மா.

கேள்வி: மாமாங்கத் திருவிழாக் கடைகளில் வாங்கிய லேசர் விளக்குகளை மாணவர்கள் பாடசாலைக்குக் கொண்டுவருகிறார்கள். பறித்து வைப்பதை விட, அதைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்யலாமா?
– விஞ்ஞான ஆசிரியை, ஆரையம்பதி

பதில்: செய்யலாம், ஆனால் செந்நிறத்தில், 1 மில்லிவாற்றுக்கு மேற்படாதது என்று நம்பத்தக்க முறையில் குறிக்கப்பட்ட ஒன்றைக் கொண்டு மட்டும். விளக்கை மேசையில் அசையாமல் கட்டி, கதிர் எவருடைய கண்மட்டத்திலும் செல்லாதபடி சுவரை நோக்கித் திருப்புங்கள். முதலில் சுவரிலுள்ள பொட்டை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சூளின் வட்டத்தைப் போல அது ஒரே சீராக இராது; நுண்மணல் தூவியது போலப் பொடிப் பொடியாக மினுங்கும். தலையை மெல்ல அசைத்தால் அந்த மணிகளும் அசையும். குறும்பார்வை உள்ள பிள்ளை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், தலை செல்லும் திசைக்கு எதிராக அவை நகரும். அந்த மணிகள் சுவரில் இல்லை. ஒரே அவத்தையில் (ஏற்ற இறக்கம் ஒன்றாக) வந்த அலைகள் சுவரின் கரட்டுத் தன்மையில் சிதறி, விழித்திரையில் ஒன்றோடொன்று தலையிடுவதால் தோன்றுபவை.

அடுத்து, ஒரு தலைமயிரைக் கதிரின் குறுக்கே, விளக்கின் வாயருகே ஒட்டுங்கள். சுவரில் பொட்டின் இரு பக்கமும் ஒளியும் இருளுமாக ஒரு வரிசை விரியும். ஒரு பக்கத்தில் அடுத்தடுத்த இரு இருண்ட இடங்களுக்கு இடையிலான தூரத்தை அளவுகோலால் அளந்து, விளக்கில் குறித்த அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, அந்த இடைவெளியால் வகுத்தால் மயிரின் தடிப்பு வரும். 650 நனோமீற்றர் ஒளியும் 3 மீற்றர் தூரமுமாயின், 2.8 சென்ரிமீற்றர் இடைவெளி 0.07 மில்லிமீற்றர் மயிரைக் குறிக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தத்தம் மயிரை அளந்து ஒப்பிடட்டும்.

பச்சை விளக்குகளைப் பறித்து வைப்பதே சரி. அவற்றுட் பலவற்றில் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நனோமீற்றர் செங்கீழ்க் கதிர் ஒரு பளிங்கைத் தூண்டி 1,064 நனோமீற்றர் கதிரைத் தர, அது இன்னொரு பளிங்கில் மீடிறன் இரட்டித்து 532 நனோமீற்றர் பச்சையாகிறது. மலிவான விளக்கில் செங்கீழ்க் கதிரைத் தடுக்கும் வடி இல்லாவிட்டால், அதுவும் சேர்ந்தே வெளிவரும். கண்ணுக்குப் புலப்படாததால் இமை மூடிக் காக்காது. ஒரு மில்லிவாற்றுக் கதிர்கூடக் கண்வில்லையால் 20 மைக்ரோமீற்றர் அகலப் புள்ளியாகக் குவிக்கப்பட்டால், அவ்விடத்தில் செறிவு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வாற்று. உச்சி வெயிலில் நிலத்தில் விழுவது ஆயிரம் வாற்று அளவே. எந்தப் பிள்ளையாவது கதிரை நேரே பார்த்துவிட்டு, பார்வையில் கரும்பொட்டு நிற்கிறது என்று கூறினால், அன்றே கண் வைத்தியரிடம் அனுப்புங்கள்; அந்த விளக்கையும் கூடவே கொடுத்து விடுங்கள், அலைநீளமும் வலுவும் அதன் மேலொட்டியில்தான் இருக்கும்.